வீண் அழைப்புக்கு ஒரு தட்டு பப்ஸ்

முத்துச்செல்வி என்ற நர்ஸின் வேலையையும் பெயரையும் கெடுத்தவன் நான். தவறு என்னுடையது என்று தெரிந்தே, நாலைந்து பேர் உட்கார்ந்திருந்த ஓர் அறையில் அதை அவள்மேல் வைத்தேன். ஒரு சொல்தான் சொன்னேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. முன்பு என்னிடம் வேலை பழகிய மருத்துவர் ஒருவர், நான் பார்த்த அதே பொறுப்பை இப்போது வேறொரு மருத்துவமனையில் பார்க்கிறார். போன மாதம் மகிழ்ச்சியோடு தொலைபேசியில் பேசினார். அவசரக் குழுவை வீணாக ஒருமுறைகூட அழைக்காத வார்டுக்குக் கேடயம் கொடுக்கப்போகிறார்களாம். கேடயத்தில் பொறிக்க நல்லதாக ஒரு வாசகம் சொல்லுங்கள் சார் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். எனக்கு வாசகம் எதுவும் வரவில்லை. இதுதான் வந்தது.

நான் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவன். படிப்பும் அரசுப் பணியும் மற்றவர்களுக்கு எப்படியோ அப்படித்தான் எனக்கும். வாழ்வின் பெரும்பகுதி அறுவை அரங்குகளின் குளிரில் போயிற்று. ஓய்வுபெற்ற ஆண்டே மனைவி இறந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சென்னை வீட்டில் தனியே இருக்க முடியாமல், ஒரகடம் போகும் சாலையில் அப்போது புதிதாக வந்திருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். மண்ணூர் பக்கம் அடுக்குமாடியில் ஒரு வீடு பார்த்துக்கொண்டேன். பால்கனியிலிருந்து பார்த்தால் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போவது தெரியும்.

எங்கள் நோயாளிகளில் பாதிப் பேர் அந்தப் பஸ்களில் போகிறவர்கள்தான். மருத்துவமனை வாசலில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க எப்போதும் சில பையன்கள் நின்றுகொண்டிருப்பார்கள். உள்ளே அவர்களுடைய அறை நண்பன் படுத்திருப்பான். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து சேரும்வரை அவர்கள்தான் சொந்தக்காரர்கள்.

எனக்குக் கொடுத்த பொறுப்பு இது. மருத்துவமனைக்குள் யாருக்காவது மூச்சோ இதயமோ நின்றுபோனால், அல்லது நின்றுவிடும் என்று தோன்றினால், அருகில் இருப்பவர் அங்குள்ள சிவப்புத் தொலைபேசியில் ஓர் எண்ணை அழுத்த வேண்டும். உடனே ஒலிபெருக்கியில் 'கோட் ப்ளூ' என்ற அறிவிப்பும் வார்டின் பெயரும் ஒலிக்கும். இரண்டு மருத்துவர்கள், இரண்டு நர்ஸ்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஏழுமலை, மருந்து வண்டியோடு ஒருவர், எல்லாரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அவர்கள் செய்வது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும், சரியாக இல்லையென்றால் திருத்துவதும் என் வேலை.

என் இடம் கட்டிலின் கால்மாடு. நோயாளியை நான் தொட மாட்டேன். நெஞ்சை அமுக்குபவரின் முழங்கை மடங்குகிறதா, அமுக்கிய பிறகு நெஞ்சு முழுதாக எழும்ப விடுகிறாரா, ஆள் மாறும்போது கை சும்மா நிற்கும் இடைவெளி எவ்வளவு, யார் வேடிக்கை பார்க்கிறார்கள், இவற்றைத்தான் பார்ப்பேன். அமுக்குபவர் களைத்துவிட்டது அவருக்கே தெரியாது. அவர் வாய்விட்டு எண்ணுவதில்தான் அது முதலில் தெரியும். நிதானமாக எண்ணத் தொடங்கியவர் பாதி எண்களை விழுங்க ஆரம்பித்தால் "மாறுங்க" என்பேன். எல்லாம் முடிந்ததும், நோயாளி பிழைத்தாலும் போனாலும், குழுவை வராந்தாவில் நிறுத்திக் கேள்வி கேட்பேன். முதலில் பார்த்தது யார்? பார்த்ததும் என்ன செய்தீர்கள்? கூப்பிட ஏன் இவ்வளவு நேரம்? உள்ளே அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்பேன். ஆறவிட்டுக் கேட்டால் ஆளுக்கொரு கதை தயாராகிவிடும்.

பலனும் இருந்தது. பேனலில் வேலை செய்தபோது மின்சாரம் தாக்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை நாடி இல்லாமல் கொண்டுவந்தார்கள். அன்று யார் முழங்கையும் மடங்கவில்லை, ஒரு கை நீங்குவதற்குள் மறு கை வந்தது. சில நாளில் அவர் கட்டிலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு ஊறுகாய் இல்லையா என்று கேட்டார். அந்தக் குழுவை உருவாக்கியவன் நான் என்று எனக்குப் பெருமைதான்.

ஆனால் பிழை பார்க்கிறவனோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? கேன்டீனில் நான் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால் பேச்சு அடங்கும். நான் உட்கார்ந்த மேசையில் இருப்பவர்களுக்குச் சீக்கிரம் சாப்பாடு முடிந்துவிடும். வீட்டிலும் யாரும் இல்லை, இங்கும் யாரும் இல்லை. நாளடைவில் கேன்டீனுக்குப் போவதை விட்டுவிட்டு என் அறையில் சாப்பிட்டேன்.

அப்போதுதான் ஒரு நாள் மூன்றாம் மாடியிலிருந்து அழைப்பு. ஓடினோம். மானிட்டரில் நேர்கோடு ஓடிக்கொண்டிருந்தது. நோயாளி வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் ஒட்டிய ஒயர் கழன்றிருந்தது, அவ்வளவுதான். ஏழுமலை மண்ணூர்க்காரர், நாற்பதைத் தாண்டியவர். சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"இன்னா சிஸ்டர், மூணு மாடி ஏறி உயிர உட்டுக்கினு ஓடியாந்தா, பெரியவரு பழம் துன்னுகினு கீறாரு. ஓடியாந்த கூலிக்கு ஆளுக்கு ஒரு பப்ஸ் வாங்கிக் குடு."

அந்த நர்ஸ் சிரித்துக்கொண்டே எதிர் பேக்கரியிலிருந்து ஒரு தட்டு முட்டை பப்ஸ் வாங்கி வந்தார். "சாருக்கு மொதல்ல" என்று ஏழுமலை என்னிடம் நீட்டினார். வராந்தாவில் நின்றபடியே எல்லாரும் தின்றோம். யாரோ ஒரு பழைய கதை சொன்னார்கள். நானும் ஒன்று சொன்னேன், சிரித்தார்கள். அந்த மருத்துவமனையில் என்னோடு சேர்ந்து மற்றவர்கள் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அதை வழக்கமாக்கியவன் நான். வீண் அழைப்பு கொடுத்தவர் குழுவுக்கு ஒரு தட்டு பப்ஸ் வாங்க வேண்டும். மாதக் கூட்டத்தில் திரையில் அவர்கள் பெயரைப் பப்ஸ் படத்தோடு போடுவேன், அரங்கமே சிரிக்கும். சந்தேகம் வந்தாலே கூப்பிடுங்கள், தவறாகக் கூப்பிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று வகுப்பில் பாடம் எடுத்ததும் நான்தான். வகுப்பில் சொன்னதை யாரும் நினைவில் வைக்கவில்லை. திரையில் போட்டதை எல்லாரும் நினைவில் வைத்தார்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் சேர்ந்து நின்று பப்ஸ் தின்னும் அந்தப் பத்து நிமிடத்தை விட மனம் வரவில்லை. தரத்துக்காகச் செய்தேன் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் கூட உட்கார ஆள் வேண்டித்தான் செய்தேன்.

முத்துச்செல்வி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். எலும்பு முறிவு வார்டில் இருந்தாள். சுறுசுறுப்பு. நோயாளிகளை முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். பெரியவர்களெல்லாம் 'தாத்தா', பையன்களெல்லாம் 'தம்பி'. ஒரு நாள் காஞ்சிபுரத்துப் பெரியவர் ஒருவர் வலிக்குக் கொடுத்த மருந்தில் வாய் பிளந்து தூங்கிவிட்டார். தட்டினாள், உலுக்கினாள், அசையவில்லை. கூப்பிட்டாள். நாங்கள் ஓடிப் போய் ஏழுமலை கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்த இழுப்பில் பெரியவர் கண்ணைத் திறந்தார். சுற்றி நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இன்னாப்பா இத்தினி பேரு? காபி வந்துச்சா?" என்றார்.

சிரித்துச் சிரித்து ஒருவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முத்துச்செல்வி மட்டும், "சார், நெசமாவே அசையல சார். கன்னத்துல தட்டிக்கூடப் பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"பரவாயில்ல காபி சிஸ்டர். பப்ஸை மறந்துடாதீங்க" என்றேன்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. லிஃப்ட்டில், கேன்டீனில், மருந்துக் கவுன்டரில், எங்கும் காபி சிஸ்டர். அடுத்த மாதக் கூட்டத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பப்ஸோடு ஒரு காபி டம்ளர் படமும் போட்டேன். அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அதற்குச் சில மாதம் கழித்து இசக்கிமுத்து வந்தான். உதிரிபாகக் கம்பெனியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து பைக்கில் போகும்போது லாரி தட்டிக் கால் முறிந்திருந்தது. அறுவை நன்றாக நடந்தது. மூன்றாம் நாள் மதியம், பார்வையாளர் நேரத்தில், அவனுக்குத் திடீரென்று மூச்சு வாங்கத் தொடங்கியது. காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கிறது. அது பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் வேர்வையும் படபடப்பும்தான்.

பக்கத்தில் இருந்தவன் அவனுடைய அறை நண்பன் சுடலை. இரண்டாம் ஷிஃப்டுக்குப் போகக் கம்பெனிச் சட்டையோடு வந்திருந்தான். மறுநாள் காலை வராந்தாவில் அவனை நான் தனியாகக் கேட்டபோது சொன்னான்:

"அக்கா ஒடனே ஓடி வந்துட்டாவ சார். ஆக்சிஜன் மாட்டுனாவ. டூட்டி டாக்டருக்கு ஃபோன் போட்டாவ, அவரு ஆபரேசன்ல இருக்காருன்னுட்டாவ. பொறவு அந்தச் செவப்பு ஃபோன எடுத்தாவ. எடுத்துட்டு வச்சிட்டாவ. இன்னொரு நர்ஸக்கா, 'ஏய் பாத்துக்கோ, திரும்பக் காபின்னு ஆயிரப் போவுது'ன்னாவ. அக்கா டாக்டருக்கே மறுபடி போட்டாவ. பொறவு திரும்ப எடுத்தாவ, திரும்ப வச்சாவ. அவன் கண்ணு மேல போன பொறவுதான் கூப்பிட்டாவ."

நாங்கள் போனபோது நாடி இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் முயன்றோம். வரவில்லை.

உடனே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பானா? அப்படி அடைத்துக்கொண்டால் உடனே கூப்பிட்டும் பிழைக்காதவர்கள் உண்டு. இந்த வாக்கியத்துக்குப் பின்னால் நான் வெகுகாலம் ஒளிந்திருந்தேன்.

சுடலையிடம் பேசிவிட்டு நேரே விசாரணைக்குப் போனேன். மருத்துவமனை இயக்குநரின் அறை. அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கடினமான எதையும் கேட்பதற்கு முன் எதிரில் இருப்பவருக்கு டீ வரவழைப்பார். சர்க்கரை போடலாமா என்று அவரே விசாரிப்பார். டீ வரும்வரை மழையைப் பற்றிப் பேசுவார். பதிலை அவர் ஒருபோதும் சொல்ல மாட்டார். இரண்டு பதில்களை நம் முன்னால் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருப்பார். எதை எடுத்தாலும் நாம் எடுத்ததாக ஆகிவிடும்.

நர்ஸ்களின் தலைமை அதிகாரியும் பணியாளர் பிரிவிலிருந்து ஒருவரும் இருந்தார்கள். முத்துச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் டீ வந்தது. கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, ஒடனே கூப்பிட வேண்டியதுதானே?" என்று தலைமை அதிகாரி கேட்டார்.

"உறுதியாத் தெரிஞ்ச பொறவு கூப்பிடலாம்னு இருந்தேன் மேடம்."

"உறுதியாத் தெரிய என்ன இருக்கு? சந்தேகம்னாலே கூப்பிடணும்னு சார் கிளாஸ்ல சொல்லியிருக்காருல்ல?"

முத்துச்செல்வி என்னைப் பார்த்தாள். கோபமோ கெஞ்சலோ அந்தப் பார்வையில் இல்லை. நான் பேசப்போகிறேன் என்று காத்திருக்கிற பார்வை. நான் டீயைக் குடித்தேன்.

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். "சார், கம்பெனிக்காரங்க இப்ப வந்துருவாங்க. பையனோட பேரன்ட்ஸ் வண்டி செங்கல்பட்டு தாண்டிடுச்சாம். நான் ஏதாவது ஒண்ணு சொல்லணும். இந்த விஷயத்துல உங்களவிடத் தெரிஞ்சவங்க யாரு? ஒரே கேள்விதான். நம்ம ஏற்பாட்டுல கோளாறா, ஆள் கோளாறா?"

ஏற்பாட்டில் கோளாறு என்றால் என்ன ஏற்பாடு என்று அடுத்து கேட்பார். பப்ஸ் என்று சொல்ல வேண்டியிருக்கும். மாதக் கூட்டம், திரை, காபி டம்ளர் எல்லாம் வரும். ஒரு பையன் செத்துக் கிடக்கிறான். நான் பப்ஸ் தின்ற கதையைச் சொல்ல வேண்டும்.

"ஆள்தான்" என்றேன்.

முத்துச்செல்வி டீ கிளாஸை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். அன்றே அவளை வேலையிலிருந்து நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

மதியம் என் அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். இசக்கிமுத்துவின் அம்மா போர்ட்டிகோவில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் கவனிக்கவில்லை, நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று அதற்குள் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். முத்துச்செல்வி கையில் பையோடு படி இறங்கினாள். யாரோ அவளைக் காட்டியிருக்க வேண்டும். அந்த அம்மாள் எழுந்து, பூந்தொட்டியிலிருந்து மண்ணை வாரி அவள்மேல் தூற்றினார். "என் வயிறு எரியுத மாதிரி ஒன் வயிறும் எரியணும்டீ" என்ற குரல் மாடிவரை கேட்டது. முத்துச்செல்வி மண்ணைத் தட்டிக்கூட விடாமல் அப்படியே நடந்து போனாள். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. கீழே போகவும் இல்லை.

பப்ஸ் அன்றோடு நின்றது. யாரும் அறிவிக்கவில்லை, யாரும் வாங்கவில்லை. அடுத்த ஓராண்டில் வீண் அழைப்பு என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை. நிர்வாகம் பாராட்டியது. அந்தப் பாராட்டின் பொருள் எனக்குத் தெரிந்திருந்தது. வார்டுகள் பயந்து போயிருந்தன. உண்மையான அழைப்புகளும் தாமதமாகவே வந்தன. கூப்பிடுங்கள், தைரியமாகக் கூப்பிடுங்கள் என்று தொண்டை வற்றச் சொன்னேன். தலையை ஆட்டினார்கள். என் பிரிவுபசார விழாவில் சால்வை போர்த்தியபோது நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துப் போனேன். மைக்கைப் பிடித்ததும் எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பிறகு வீடு. காலையில் பால்கனி, மாலையில் பால்கனி. ஒரு முழு நாள் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் போயிற்று என்பது இரவில் தண்ணீர் கேனுக்கு ஃபோன் செய்யும்போது என் குரல் கரகரத்தால்தான் தெரியும்.

ஒரு நாள் டீக்கடையில் ஏழுமலையைப் பார்த்தேன். முத்துச்செல்வி எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஏன் சார், இன்னும் ஒரு பப்ஸ் பாக்கி கீதா?"

அவருக்கே சங்கடமாகியிருக்க வேண்டும்.

"ஒயர் கம்பெனில லைன்ல கீது சார். எங்க மச்சான் ஓட்ற பஸ்லதான் போவுது, வருது. மண்ணூர் ஸ்டாப்ல எறங்கும். உன் வூட்டாண்டதான்."

என் பால்கனிக்குக் கீழேதான் அவள் தினமும் போய் வந்திருக்கிறாள்.

மறுநாள் மாலை நிறுத்தத்தில் நின்றேன். நீலக் கோட்டு போட்ட பெண்கள் இறங்கினார்கள். முத்துச்செல்வி மெலிந்திருந்தாள். அவளுக்கு என்னை அடையாளம் காண ஒரு கணமும் ஆகவில்லை.

"சாரா? இங்க என்ன சார்?"

"உன்னப் பாக்கத்தாம்மா வந்தேன். அன்னிக்கு அந்த ரூம்ல நான் சொன்னது பொய். தப்பு உன்னோடது இல்ல. நீ கூப்பிடத் தயங்கினதுக்குக் காரணம் நான்."

"அது எனக்குத் தெரியும்லா சார்" என்றாள். "அன்னைக்கே தெரியும். நீங்களே சொல்லுவியன்னு நெனச்சேன். அதான் நான் வாயத் தொறக்கல."

மன்னித்துவிடும்மா என்றேன். நான் கேட்டது அவளுக்குக் கேட்டதாகவே தெரியவில்லை. கூட வந்த பெண்கள் தள்ளிப் போகும்வரை காத்திருந்தாள்.

"நாலு எடத்துல நர்ஸ் வேலைக்கிப் போனேன் சார். போற எடத்துல எல்லாம் பழைய ஆஸ்பத்திரிக்கி ஃபோன் போட்டுக் கேக்காவ. பொறவு சொல்லி அனுப்புதோம்னுட்டு விட்டுருதாவ. அதக்கூட விடுங்க, லைன்ல நின்னாலும் சோறு கெடைக்கி. அந்தம்மா மண்ணள்ளித் தூத்துனாவல்லா? அதான் போவ மாட்டேங்கி. எங்க ஊரும் அவிய ஊரும் பக்கம் சார். ஊருக்குப் போனா திருவிழா, கோயில் கொடைக்கிக்கூட நான் வெளிய வாரதில்ல, எங்க அவிய நிக்காவளோன்னு. எனக்குப் பிள்ளை உண்டாயிக் கலைஞ்சப்போ எங்க மாமியாளே கேட்டா, யார் வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டேன்னு."

பஸ் கிளம்பிப் போனது. அதன் சத்தம் அடங்கிய பிறகு சொன்னாள்:

"எங்கிட்டச் சொன்னத அவியட்டப் போயிச் சொல்லுங்க. அப்பதான் நீங்க சொன்னதா அர்த்தம்."

அந்த வாரமே எனக்குத் தெரிந்த நாலைந்து மருத்துவமனைகளுக்குப் பேசினேன். முத்துச்செல்வி மேல் தவறில்லை, தவறு என்னுடையது, என் பெயரைச் சொல்லியே நீங்கள் எழுதிக்கொள்ளலாம் என்றேன். ஒரு சிறிய மருத்துவமனை அவளைக் கூப்பிட்டது. போனாள், அன்றே திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று தொலைபேசியில் கேட்டேன். "அங்க ஒரு ஃபோன் அடிச்சிது சார். ட்ரேயக் கீழ போட்டுட்டேன்" என்றாள்.

பிறகு ரயிலேறினேன். இசக்கிமுத்துவின் அம்மா சிமென்ட் ஷீட் போட்ட வீட்டு வாசலில், மடியில் முறத்தோடு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். அவர் கணவர் கேரளாவில் வேலைக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரி டாக்டர் என்றேன்.

"கையெழுத்து வாங்க வந்தியளா? அன்னைக்கே எல்லாத்துலயும் போட்டுக் குடுத்தமே."

கையெழுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸ் ஓடி வந்ததை, இரண்டு முறை தொலைபேசியை எடுத்து வைத்ததை, அவள் ஏன் வைத்தாள் என்பதை. பப்ஸ் என்றால் என்னவென்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது.

"திங்கதுக்கா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. திங்கறதுக்குத்தான்."

அவர் கை பீடி சுற்றுவதை நிறுத்தவில்லை. இலையை வைத்து, தூளை நிரப்பி, சுருட்டி, நூல் கட்டி முறத்தில் போட்டார். அடுத்ததை எடுத்தார். நீங்கள் என்மேல் புகார் கொடுக்கலாம், எங்கே கூப்பிட்டாலும் வந்து இதையே சொல்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கை நின்றது.

"எம் புள்ள கடேசியா என்ன சொன்னான்?"

நான் திகைத்துப்போனேன். அந்த மரணத்தை நிமிடம் நிமிடமாக ஆராய்ந்தவன் நான். எப்போது ஆக்சிஜன் வைத்தார்கள், எப்போது நாடி நின்றது, யார் எந்த மருந்தைக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் இன்றும் என்னால் சொல்ல முடியும். அவன் என்ன பேசினான் என்று ஒருவரிடமும் நான் கேட்கவில்லை. எங்கள் ஆய்வில் அப்படி ஒரு கேள்வியே இல்லை.

"எனக்குத் தெரியாதும்மா. அந்தப் பொண்ணுக்குத் தெரியும். கடைசி வரைக்கும் அதுதான் அவன் பக்கத்துல இருந்துது."

"எங்க இருக்கா அவ?"

முத்துச்செல்விக்கு ஃபோன் போட்டேன். "இசக்கிமுத்துவோட அம்மா பேசணும்கிறாங்க" என்றேன். ஃபோனை அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வந்து தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றேன். பிறகு அந்த அம்மாள் "ஆமா... ஆமா தாயி" என்றார். பிறகு "அழாத. அழாதட்டீ. எனக்கு அப்பம் தெரியாதுல்லா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஃபோனைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் தந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "பஸ் வார நேரம். ரோட்டுக்குப் போயிருங்க" என்றார்.

திரும்பி வந்ததும் இயக்குநருக்குப் பேசி, நடந்ததைச் சொன்னேன். "நல்ல காரியம் சார். மனசு லேசாயிருக்கும். உடம்பப் பாத்துக்கோங்க" என்றார். மாதம் ஒருமுறை நர்ஸ்களுக்கு வகுப்பெடுக்க என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அது நின்றுபோயிற்று. பழைய மருத்துவர்கள் சிலர் சாலையில் பார்த்தால் கைகாட்டிவிட்டுப் போகிறார்கள்.

முத்துச்செல்வி ஒரே ஒருமுறை அவளாகப் பேசினாள்.

"அந்தம்மா ஞாயித்துக்கெழமயானா பேசுதாவ சார். சாப்பிட்டியா, தூங்குனியான்னு கேக்காவ. கோயில் கொடைக்கி வீட்டுக்கு வரச் சொல்லிருக்காவ."

கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "அவன் கடைசியா என்னம்மா சொன்னான்?"

"அது அவியளுக்குச் சொன்னது சார்" என்றாள். "இனி எனக்கு ஃபோன் பண்ணாதிய. கோவம்னு இல்ல. உங்க கொரல் கேட்டா அந்த ரூம்ல டீயக் கையில வச்சிக்கிட்டு நிக்க மாதிரியே இருக்கு" என்றாள்.

சரிம்மா என்றேன். அதற்குப் பிறகு நான் பேசவில்லை. அவள் நர்ஸ் வேலைக்குத் திரும்பவும் இல்லை. ஒயர் கம்பெனியில்தான் இருக்கிறாள்.

பங்குனியில் அந்த அம்மாள் ரயிலேறி வந்து முத்துச்செல்வியின் வீட்டில் சில நாள் தங்கியிருந்தாராம். ஏழுமலைதான் சொன்னார். அவள் ஷிஃப்டுக்குப் போகும்போது கூடவே வந்து, பஸ் கிளம்பும்வரை மண்ணூர் நிறுத்தத்தில் நிற்பாராம். அந்த நாட்களில் நான் பால்கனிக் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். பால் வாங்கப் பின்பக்கத் தெரு வழியாகப் போய் வந்தேன்.